கிரவுண்ட்ஹாக் வேட்டை: இரண்டாம் அறுப்பு வரை பொறுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் சிறு பண்ணை வாங்கியிருக்கும் தமிழர்களுக்காகச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், நிலத்தில் வளை தோண்டி வாழ்ந்து பயிரை மேயும் கிரவுண்ட்ஹாக் என்ற சிறு பிராணியை எப்போது, எங்கே வேட்டையாடலாம் என்ற பகுதியைப் படித்துவிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் கவுண்டியில், பால்மாடு வளர்க்கும் ஒரு பண்ணையை அடுத்து 19 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வேட்டை உரிமம் வைத்திருக்கிறேன். என் மனைவி போட்ட அவரைப் பந்தலை மூன்று கோடைகளில் இப்பிராணிக்குப் பறிகொடுத்தும் இருக்கிறேன். ஆகவே, வேட்டையே கூடாது என்று வாதாட வந்தவன் என யாரும் என்னை எண்ண வேண்டாம்.

முதலில் பெயர். கட்டுரையாளர் இதை 'நிலப்பன்றி' என்று மொழிபெயர்த்திருக்கிறார். பன்றிக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. இது அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. லடாக் செல்வோர் சாலையோரத்தில் பார்க்கும் மர்மோட்டின் பங்காளி. இதன் மற்றொரு பெயரான 'வுட்சக்' என்பதிலும் மரத்துக்கு வேலையில்லை. அல்கோன்கியப் பூர்வகுடி மொழிச் சொல் ஒன்று ஆங்கிலேயர் காதில் அப்படி விழுந்தது, அவ்வளவுதான். கிரவுண்ட்ஹாக் என்றே எழுதிவிடலாம். நிலப்பன்றி என்று படித்துவிட்டு, நான்கு கிலோ எடையுள்ள ஒரு பிராணியைத் தேடி யாராவது காட்டுப்பன்றிக்கு உரிய துப்பாக்கியோடு கிளம்பிவிடக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களே வேட்டைக்குச் சிறந்தவை என்கிறது கட்டுரை. புல் உயர்ந்திருக்காது, சோயா முளைத்திருக்காது, வளையின் வாயிலில் குவிந்த புதுமண் தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்று அது சொல்லும் காரணங்கள் அத்தனையும் உண்மை. சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. பென்சில்வேனியாவில், நவம்பர் இறுதியில் தொடங்கும் மான் துப்பாக்கி வேட்டைப் பருவம் நீங்கலாக, ஆண்டு முழுவதும் எண்ணிக்கை வரம்பின்றி இதை வேட்டையாடலாம். ஆனால் அந்த இரண்டு மாதங்களில் மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கிரவுண்ட்ஹாக் அக்டோபர் கடைசி வாக்கில் வளைக்குள் போய், நிமிடத்துக்கு 80 முறை துடித்த இதயம் ஐந்து முறையளவுக்குத் தணிய, குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும். பிப்ரவரியில் ஆண்கள் முதலில் எழுந்து பெண்களின் வளைகளைத் தேடி நடக்கும். (பிப்ரவரி 2 அன்று இதே மாநிலத்தின் பங்க்ஸட்டானி ஊரில் இதைத் தூக்கிக் காட்டி வசந்தத்துக்கு நாள் குறிக்கிறார்கள். 1887இல் அந்த விழாவைத் தொடங்கிய காலத்தில், அவ்வூர்க்காரர்கள் கோடையில் இதையே வேட்டையாடி விருந்தும் வைத்தார்கள் என்பதைத் தொலைக்காட்சியில் அதிகம் சொல்வதில்லை.) மார்ச்சில் இணை சேர்ந்தபின் 31 அல்லது 32 நாளில் குட்டிகள் பிறக்கும், பெரும்பாலும் நான்கு. கண் திறக்காத, மயிர் முளைக்காத அக்குட்டிகளுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் தாய்ப்பால்தான் உணவு. ஆணையும் பெண்ணையும் தொலைநோக்கியில் பிரித்தறிய வழியில்லை. எனவே மே மாதத்தில் வயலோரம் வெயில் காய்கிற ஒன்றைச் சுடுகிறவர், ஒன்றைக் கொன்றோமா ஐந்தைக் கொன்றோமா என்று அறியாமலேயே வீட்டுக்குப் போகிறார். குட்டிகள் நான்கும் ஒரு மீட்டர் ஆழத்தில் பட்டினி கிடந்து சாகும் சத்தம் மேலே கேட்பதில்லை.

இரக்கத்தை ஒதுக்கிவிட்டு, விவசாயியின் கணக்கை மட்டும் பார்த்தாலும் மே வேட்டை பயன் தராது. ஜூலையில் இளங்குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்து புது இடம் தேடிப் புறப்படும்போது, தானாக வளை தோண்டும் சிரமத்தைவிட ஆளில்லாத பழைய வளையில் குடியேறுவதையே விரும்பும். மே மாதத்தில் சுட்டு, வளையை அப்படியே விட்டுவிட்டு வருவது, வேலியில் 'டூ-லெட்' பலகை மாட்டிவிட்டு வருவதற்குச் சமம். எங்கள் பக்கத்துப் பண்ணையில் ஒரே கல்சுவரடி வளை மூன்று ஆண்டுகளில் மூன்று முறை குடி மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எப்போது? எங்கள் பகுதி விவசாயிகளைக் கேட்டால், மாதத்தைச் சொல்லாமல் அறுப்பைச் சொல்வார்கள். இங்கே பால்மாட்டுக்குக் குதிரை மசால் பயிரிடுகிறார்கள். மே நடுவில் அல்லது இறுதியில் முதல் அறுப்பு, அதிலிருந்து நான்கைந்து வாரத்தில் இரண்டாம் அறுப்பு. ஜூன் கடைசியில் இரண்டாம் அறுப்பு முடிந்து மசால் கட்டுகள் வயலை விட்டுப் போன மறுநாள், அதுவரை முழங்கால் உயரத்தில் மறைந்திருந்த நிலம் மழித்த தலைபோலக் கிடக்கும். குட்டிகளும் பால் மறந்து தாமாக மேயத் தொடங்கியிருக்கும். கட்டுரையாளர் ஏப்ரலில் தேடிய தெளிவான பார்வை, இப்போது குட்டிகளைப் பலி கொடுக்காமலேயே கிடைக்கிறது. கோடை வெயிலில் நடுப்பகலில் அவை வெளியே வருவது குறைவு என்பதால், காலைப் பனி உலர்ந்தபின் ஓரிரு மணி நேரமும், சூரியன் சாயும் நேரமும் போதும். செப்டம்பர் முடிய இப்படியே தொடரலாம். அதன்பின் கொழுத்து, சோம்பி, வளைக்குள் போய்விடும்.

இளம் சோயாவுக்குப் பெரிய சேதம் ஜூனிலேயே நேர்ந்துவிடுகிறதே என்ற கேள்வி நியாயமானது. முளைத்த பத்து நாளில் வரிசை வரிசையாக மொட்டையடிக்கப்பட்ட வயலைப் பார்த்த விவசாயியிடம் 'பொறுங்கள்' என்று சொல்ல எனக்கும் நா எழாது. அவருக்கு நான் சொல்லக்கூடியது மார்ச் மாதம். உறக்கம் கலைந்து, குட்டி பிறக்காத அந்தச் சில வாரங்களில், வெயில் அடிக்கும் நண்பகலில் அவை வெளியே உலவும். குளிரில் காத்திருக்க வேண்டும், பிராணியும் குறைவாகவே தென்படும்; அதனால்தானோ என்னவோ வேட்டைக்காரர்களுக்கு மார்ச்சில் நாட்டமில்லை.

எங்கே என்ற கேள்விக்குக் கட்டுரை தந்த பதில், 'வயலோரம், வேலியோரம், மரவரிசையின் அடியில், கொட்டகையின் அடியில்' என்பது. இவை பிராணி இருக்கும் இடங்கள்; எல்லாமே சுடத் தகுந்த இடங்கள் அல்ல. வயலோரத்தில் அரைவட்டமாகப் பயிர் மேயப்பட்டிருந்தால், அந்த வட்டத்தின் மையத்தில் வளை இருக்கும். மண்மேடு உள்ள பெரிய வாயிலைத் தவிர, உள்ளிருந்தே தோண்டியதால் மேட்டுமண் இல்லாத அவசர வாயில் ஒன்றும் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். நடப்பவர் கால் அதில்தான் சிக்கும். இங்கே நவீன இயந்திரங்களைப் பெரும்பாலும் தவிர்த்து வாழும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் இன்றும் கோவேறு கழுதைகளைப் பூட்டி உழுகிறார்கள். வளையில் இடறிக் கழுதையின் கால் முறிந்தால் அந்த வீட்டில் உழவே நின்றுபோகும். அவர்கள் வேட்டைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டும் முதல் இடம் சோயா ஓரமாக இராது. கழுதை திரும்பும் வயல்முனையாகத்தான் இருக்கும்.

நான் சுடுவதற்கு முன், நிலத்துக்கு உரியவரோடு ஒருமுறை வயலைச் சுற்றி நடந்துவிடுகிறேன். பிராணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். பாயின்ட் 22 துப்பாக்கியின் சிறு தோட்டாகூட ஒரு மைலைத் தாண்டிப் பறக்கும். கல்லில் பட்டால் திசை மாறும். கல்சுவர் மேல் நிமிர்ந்து நிற்கும் கிரவுண்ட்ஹாக் கண்ணுக்கு எவ்வளவு எளிய குறியோ, அவ்வளவு ஆபத்தான குறி. சரிவின் அடியில், பின்னால் மண்மேடு இருக்கும்படி நிற்பதே குறி. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், அங்கே வசிப்பவர் அனுமதியின்றிச் சுடக்கூடாது என்பது இம்மாநிலச் சட்டம். கொட்டகையடி வளைகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ சுட்ட தோட்டா எங்கள் கொட்டகைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது. மாடுகள் மேய்ச்சலில் இருந்ததால் தப்பின. கொட்டகையடிக்குக் கூண்டும், ஓரடி ஆழம் புதைத்த கம்பிவலையுமே ஏற்றவை.

சுட்டபின் வளையை அடைக்க வேண்டும் என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. உடனே மண்ணள்ளிப் போட்டுவிடக் கூடாது. நரியும் முயலும், நாற்றநீர் பீச்சும் ஸ்கங்க் என்ற பிராணியும் கிரவுண்ட்ஹாக் வளையில் ஒண்டுக்குடித்தனம் நடத்துபவை. எல்லா வாயில்களிலும் கசக்கிய செய்தித்தாளைச் செருகி இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். தாள் அசையாமல் இருந்தால் கல்லும் மண்ணும் போட்டு இறுக்கலாம். உடலை வயலில் விட்டுவருகிறவர் ஈயத் தோட்டா பயன்படுத்தியிருந்தால், அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகின் வயிற்றுக்குள் ஈயத்துணுக்குகளும் போகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நான் செம்புத் தோட்டாவுக்கு மாறி ஆறு ஆண்டுகளாகின்றன. அமெரிக்கக் கொறிவிலங்குகளில் வெறிநோய் அதிகம் காணப்படுவது இதில்தான் என்பதால், கையுறை இல்லாமல் தொடுவதும் இல்லை.

இத்திருத்தங்களில் சிலவற்றையேனும் நீங்கள் வெளியிடுவதானால், ஏப்ரல் பிறப்பதற்குள் அந்த இதழ் வாசகர் கைக்கு வந்து சேருமாறு பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்,
லான்காஸ்டர் கவுண்டி, பென்சில்வேனியா