கேலக்ஸி ஆராய்ச்சி பண்றவங்களைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம். விண்வெளின்னாலே ராக்கெட் செய்திதான் பெருசா வருது, அமெரிக்க வானியலாளர் சாண்ட்ரா ஃபேபர் மாதிரி ஆயுசு முழுக்க கேலக்ஸிகளை, அதாவது பெரிய பெரிய நட்சத்திரக் கூட்டங்களை ஆராய்ஞ்சவங்களைப் பத்தியும் போடுங்க சார். ஃபேபர் ஹார்வர்டுல 1972ல பிஎச்டி முடிச்சு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட சாண்டா குரூஸ் கேம்பஸுக்கு வந்தாங்க, 1976லயே தன் மாணவர் ராபர்ட் ஜாக்சனோட சேந்து ஒரு பெரிய விஷயம் சொன்னாங்க, அதாவது நீள்வட்ட கேலக்ஸிக்குள்ள நட்சத்திரங்க எவ்வளவு வேகமா அலையுதோ அதை வச்சே அதோட உண்மையான பிரகாசத்தை கணக்கு போடலாம், அது தெரிஞ்சா தூரத்தையும் கண்டுபிடிச்சிரலாம். ஃபேபர்-ஜாக்சன் தொடர்புன்னு மாணவர் பேரும் சேந்தே நிக்குது, எனக்கு அதுதான் ரொம்ப பிடிச்சது.

ஹவாய்ல 36 துண்டு கண்ணாடி சேத்து கட்டின 10 மீட்டர் கெக் டெலஸ்கோப்புலயும் இவங்க உழைப்பு இருக்கு. 1990ல ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படம் மங்கலா வந்தப்போ அதோட கண்ணாடியோட குறையை ஆராய்ஞ்சவங்கள்ல இவங்களும் ஒருத்தர்.

இந்த வேலைல வானத்தைப் பாக்குறது கொஞ்சம்தான், டெலஸ்கோப் நேரம் கேட்டு அப்ளை பண்றது, நிதி திரட்டுறது, கருவி கட்டுறது, மாணவர்களை வளர்க்கிறதுன்னுதான் பாதி வாழ்க்கை போகுது. ஸ்கூல் பசங்களுக்கு இதெல்லாம் தெரியணும், ஒரு தொடராவே எழுதுங்க ப்ளீஸ்.