மூன்றாவது டயலாக்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

சரி, உன் புரோகிராமுக்கு வருகிறேன். மெயின் விண்டோவிலிருந்து செட்டிங்ஸ், அதிலிருந்து இன்னொரு டயலாக், அதாவது பதில் கேட்டு எழும் சின்ன விண்டோ. அந்த மூன்றாவது விண்டோ சில நேரம் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது, எதைத் தட்டினாலும் அசையவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு பேரன்ட், அதாவது அது சார்ந்திருக்கும் தாய் விண்டோ, யார் என்று முதலில் பார். பைதான் மொழியில் க்யூட்டி (விண்டோ, பட்டன் எல்லாம் செய்து தரும் நூலகம்) வைத்து எழுதுகிற பலரும் எல்லா டயலாக்குக்கும் மெயின் விண்டோவையே பேரன்ட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். டயலாக்கைத் திறந்த விண்டோ எதுவோ அதுதான் பேரன்ட்டாக இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்றாவது எப்போதும் செட்டிங்ஸுக்கு மேலே நிற்கும். விண்டோ மோடலாக (தான் மூடும்வரை மற்றதைத் தொடவிடாத வகையாக) வைத்தால், பேரன்ட்டும் அந்தப் பேரன்ட்டின் பேரன்ட்டும் பூட்டப்படும். மெயினை பேரன்ட்டாகக் கொடுத்தால் நடுவில் இருக்கும் செட்டிங்ஸ் பூட்டப்படாது. மூன்றாவது திறந்திருக்கும்போதே யாராவது செட்டிங்ஸை மூடிவிடலாம்.

பைதானோடு வரும் டிகேஇன்டர் நூலகத்தில் நீ எழுதிய பழைய கருவியிலும் இதே கதைதான். அங்கே உள் டயலாக் மூடியதும் கிராப் (எல்லாத் தட்டலையும் ஒரே விண்டோ பிடித்துக்கொள்ளும் உரிமை) தானாக வெளி டயலாக்குக்குத் திரும்பாது. நீயே மறுபடி கிராப் செட் போட வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது எக்ஸெக், க்யூட்டியில் டயலாக்கைத் திறந்து பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளை. அந்த வரியில் கோட் நின்று பதிலுக்குக் காத்திருப்பது போலத் தெரியும். உண்மையில் அதற்குள் புதிதாக ஒரு ஈவென்ட் லூப் (தட்டல், டைமர் போன்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும் சுழற்சி) ஓட ஆரம்பிக்கிறது. டைமர் அடிக்கும், நெட்வொர்க் பதில் வரும், எல்லாமே நடக்கும். மூன்று டயலாக் திறந்தால் மெயின் லூப்புக்கு மேல் இன்னும் மூன்று, அடுக்கிய தட்டு மாதிரி. மேலே இருப்பது முடியாமல் கீழே இருப்பது திரும்பாது. நடுவில் ஒரு டைமர் மெயின் விண்டோவை அழித்துவிட்டால் அதைப் பேரன்ட்டாகக் கொண்ட பிள்ளை விண்டோக்கள் எல்லாம் கூடவே போய்விடும். பிறகு எக்ஸெக் திரும்பி வரும் இடத்தில் இருக்க வேண்டிய ஆப்ஜெக்ட் இருக்காது. சில சமயம் பிழைச் செய்தி வரும், சில சமயம் புரோகிராம் அப்படியே விழும். மூடும்போது மட்டும் அவ்வப்போது விழுகிறது என்றாயே, எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்.

க்யூட்டியின் ஆவணமே எக்ஸெக்கைத் தவிர்த்து, காத்திருக்காமல் டயலாக்கைத் திறக்கும் ஓப்பனைப் பயன்படுத்தச் சொல்கிறது. க்யூட்டி போன்ற இன்னொரு நூலகமான ஜிடிகே, 2020-இல் வந்த அதன் 4-ஆம் பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், டயலாக்கை நிறுத்தி வைத்து ஓட்டும் ரன் வசதியையே எடுத்துவிட்டது. அது சரியான முடிவு என்பது என் திடமான எண்ணம். நீயும் ஓப்பன் போட்டு, டயலாக் முடிந்ததும் வரும் ஃபினிஷ்டு சிக்னலில் பதிலை வாங்கிக்கொள். ஆனால் பேரன்ட் இல்லாமல் லோக்கல் வேரியபிளில் மட்டும் வைத்தால், ஃபங்ஷன் முடிந்ததும் பைதான் அதை அழித்துவிடும்; டயலாக் மின்னி மறையும். பேரன்ட் கொடுத்தால் தங்கும். அப்புறம் மூடியதும் அழிக்கச் சொல்லும் டெலீட் ஆன் க்ளோஸையும் போட்டுவிடு, இல்லையென்றால் திறக்கத் திறக்கப் பழைய டயலாக்குகள் பேரன்ட்டின் கீழ் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நூலகம் எதுவும் இல்லாமல் நேராக வின்டோஸ் ஏபிஐயில் (வின்டோஸின் சொந்தக் கட்டளைகளில்) எழுதுகிறாயா? அப்படியானால் டயலாக்கை அழிக்கும் முன்பே, பூட்டி வைத்த ஓனர் விண்டோவை (டயலாக் சார்ந்திருக்கும் விண்டோவை) மறுபடி எனேபிள் செய்துவிட வேண்டும். வரிசை மாறினால் வேறு ஏதோ புரோகிராமின் விண்டோ முன்னால் வந்து நிற்கும்.

இதெல்லாம் போக, அந்த மூன்றாவது டயலாக் தேவையா? ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணினி வல்லுநர் லாரி டெஸ்லர், மோடே (ஒன்றை முடிக்காமல் வேறெதையும் செய்யவிடாத இந்த மாதிரி நிலையே) கூடாது என்று தன் கார் நம்பர் பிளேட்டிலேயே போட்டு வைத்திருந்தார். பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பிடிவாதம் புரியும். செட்டிங்ஸிலேயே இன்னொரு டேப் போட்டால் போதுமா என்று யோசித்துப் பார்.

செட்டிங்ஸைத் திறக்கிற ஃபங்ஷனை மட்டும் அனுப்பு, பேரன்ட் விஷயத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்