லைசென்ஸ் ஆளுக்கா, பொட்டிக்கா?

ஆசிரியருக்கு வணக்கம். சின்னதா டிடிபி கடை வெச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலை. போன மாசம் வோல்டேஜ் ஏறி இறங்கினதுல மதர்போர்டு போயிடுச்சு, மாத்திப் போட்டு ஆன் பண்ணா, காசு குடுத்து வாங்குன டைப்பிங் சாப்ட்வேர் இது வேற மெஷின்னு சொல்லி திறக்கவே மாட்டேங்குது. ஹார்ட் டிஸ்க் அதேதான், பில்லும் கையில இருக்கு, போன் போட்டா புதுசா வாங்கிக்கங்கன்னு ஒரே பதில். முகூர்த்த நேரத்துல ரெண்டு நாள் வேலை நின்னுச்சுங்க.

விண்டோஸ்லயே கம்ப்யூட்டரோட சேர்ந்து வர்ற ஓஇஎம் லைசென்ஸ்தான் அந்த மெஷினோட முடியுது, தனியா வாங்குற ரீடெயில் லைசென்ஸை பழசுல எடுத்துட்டு புதுசுல போட்டுக்கலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 2012லயே, காலவரை இல்லாம வாங்குன லைசென்ஸை நம்மகிட்ட அழிச்சிட்டு அடுத்தவங்களுக்கு விக்கக்கூடச் செய்யலாம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. நான் விக்கக் கேக்கல. ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான்னு வைங்க, அது எந்த மெஷின்னு வாங்குனவன் முடிவு பண்ணட்டும்.

– ஒரு டிடிபி கடைக்காரர், ஈரோடு