ஜினானிலிருந்து அப்பாவுக்கு

ஜினான், சீனா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

போன கடிதத்தில் கன்பூசியஸ் சொன்னதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது தூரதேசம் போகக் கூடாது. யாருக்காக எழுதினீர்கள் என்று புரிந்தது. ஆனால் பாதி வரியோடு நிறுத்திவிட்டீர்கள் அப்பா. அவர் சொன்னவற்றைத் தொகுத்த லுன் யூ நூலின் 4ஆம் பகுதி, 19ஆம் வாசகம் அது. மீதியையும் படியுங்கள்: போனால், போகிற இடம் நிச்சயமாக இருக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் இதற்கு உரை எழுதிய ஜூ ஷி இன்னும் விளக்கமாகச் சொல்கிறார். கிழக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு மேற்கே போகக் கூடாது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெற்றவர்களுக்குத் தெரிந்தால் கவலை இருக்காது. கூப்பிட்டால் தவறாமல் வந்து சேர வேண்டும். தூரத்தை அவர் பெரிதுபடுத்தவில்லை. தகவல் இல்லாமல் காணாமல் போவதைத்தான் கண்டிக்கிறார்.

இங்கே பாலர் பள்ளிகளில் ‘டீ ட்சு குய்’ என்று ஒரு பாடல் நூலை ராகத்தோடு சொல்லித் தருகிறார்கள். ச்சிங் வம்சத்துக் காலத்தில் எழுதியது. வரிக்கு மூன்று எழுத்து, மொத்தம் 1080 எழுத்து. அதில் இப்படி வரும்: வெளியே போனால் சொல்லிவிட்டுப் போ, திரும்பி வந்தால் முகத்தைக் காட்டு. ‘போறேன்’ என்று சொன்னால் பாட்டி வாசலிலேயே மறித்து ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்பாரே, அதே சங்கதிதான். வேலை தேடி ஊரை விட்டு வந்தவர்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் இது சட்டம் வரைக்கும் போய்விட்டது. 2013 ஜூலை 1 முதல், பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் அல்லது நலம் விசாரிக்க வேண்டும் என்று முதியோர் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ‘அடிக்கடி’ என்றால் எத்தனை முறை என்று மட்டும் எழுதவில்லை!

நீங்கள் லுன் யூவை முதலிலிருந்து படிக்கப் போவதாக எழுதியிருந்ததால், படிக்கிற முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறள் மாதிரி, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன வரிகளாக நினைத்துப் படித்தால் பத்தாவது பக்கத்தில் குழம்பிவிடுவீர்கள். கன்பூசியஸ் இங்கே ஒன்று சொல்வார், அங்கே அதற்கு நேர் எதிராகச் சொல்வார். பதிலைப் பார்க்கும் முன்னால் கேட்டவர் யார் என்று பாருங்கள். 11ஆம் பகுதியில் சீடர் ட்சு லூ, “நல்லதைக் கேள்விப்பட்டால் உடனே செய்துவிடலாமா?” என்று கேட்கிறார். “அப்பா, அண்ணன் எல்லாம் இருக்கும்போது அதெப்படி உடனே செய்வாய்?” என்கிறார் குரு. ரான் யோவ் வந்து அதையே கேட்கிறார். “உடனே செய்” என்கிறார். பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது சீடர் திகைத்துப்போய்க் காரணம் கேட்க, ரான் யோவ் பின்வாங்குகிறவன், அதனால் தள்ளிவிட்டேன். ட்சு லூ ரெண்டு ஆள் வேகம் உள்ளவன், அதனால் இழுத்துப் பிடித்தேன் என்று பதில் வருகிறது.

பெற்றோரைப் பேணுவது பற்றியும் இப்படித்தான். 2ஆம் பகுதியில் 5 முதல் 8 வரை நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கன்பூசியஸின் சொந்த நாடான லூவில் அரசனையே மீறி ஆட்டம் போட்ட மூன்று குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த மெங் யீட்சுவுக்குக் கிடைத்த பதில்: மீறாதே. அதாவது இருக்கும்போது பணிவிடை, இறந்தால் அடக்கம், பிறகு படையல், மூன்றும் முறைப்படி நடக்கட்டும், உன் அந்தஸ்துக்கு மேலே போகாதே. அவர் மகன் மெங் வூபோவுக்கு: உன் உடம்புக்கு வருகிற நோயைத் தவிர வேறெதற்கும் அவர்களைக் கவலைப்பட வைக்காதே. சீடர் ட்சு யோவுக்குக் கொஞ்சம் சூடாக: சோறு போடுவதைத்தான் இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும் கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லையென்றால் என்ன வித்தியாசம்? ட்சு ஷியாவுக்கு: முகத்தை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஓடி ஓடி வேலை செய்வதும், சாப்பாட்டைப் பெரியவர்களுக்கு முதலில் வைப்பதும் எல்லோராலும் முடியும். கடுகடுவென்ற முகத்தோடு செய்தால் அது கணக்கில் வராது. ட்சு யோவ் கவனித்துக்கொள்வார், மரியாதையில் குறை இருக்கலாம். ட்சு ஷியா நேர்மையானவர், முகத்தில் கனிவு போதாது என்று உரையில் காரணம் சொல்லியிருக்கிறது. எனக்கு நான்கிலும் கடைசிப் பதில்தான் கடினமாகப் படுகிறது. பணம் அனுப்பலாம், முகத்தை எப்படி அனுப்புவது? வீடியோ கால் வந்ததில் பாதி பிரச்சினை தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஷான்டோங் மாகாணம்தான் கன்பூசியஸ் பிறந்த மண். அவருடைய ஊரான ச்சூஃபு இங்கிருந்து அதிவேக ரயிலில் பக்கம்தான். கோயில், வம்சத்தார் மாளிகை, அவரும் அவர் பரம்பரையும் அடக்கமான தோப்பு மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்த முறைமையைப் பார்க்கக் கோயிலை விடச் சாப்பாட்டு மேசைதான் சரியான இடம். வட்ட மேசையில் கதவைப் பார்த்த நாற்காலி விருந்து கொடுப்பவருக்கு. அவருடைய வலப்பக்கம் முக்கிய விருந்தாளி, இடப்பக்கம் அடுத்தவர். கதவுக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உபசரிப்புக்குத் துணை நிற்பவர். வீட்டு விருந்தென்றால் கதவைப் பார்த்த இடம் மூத்தவருக்கு. முழு மீன் வந்தால் தலை முக்கிய விருந்தாளி பக்கம் திரும்பியிருக்கும். மூத்தவர் குச்சியை எடுக்கும்வரை யாரும் எடுக்க மாட்டார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தால் முகம் சுளிப்பார்கள், அது இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றிய மாதிரி. கோப்பையை மோதும்போது இளையவர் கோப்பையின் விளிம்பு பெரியவருடையதற்குக் கீழே இருக்க வேண்டும். பெரியவரும் அடக்கம் காட்டித் தன்னுடையதைத் தாழ்த்துவார், இவர் இன்னும் தாழ்த்துவார், கடைசியில் இரண்டும் மேசையைத் தொட்டுவிடும்.

இது கெட்டுப்போகிற இடம் மது. மரியாதை என்ற பெயரில் ஊற்றி ஊற்றிக் குடிக்க வைப்பார்கள். 10ஆம் பகுதியில் கன்பூசியஸின் சாப்பாட்டுப் பழக்கங்கள் வரிசையாக இருக்கின்றன: கெட்டுப்போன மீனும் இறைச்சியும் தொட மாட்டார், பருவம் தப்பியதைச் சாப்பிட மாட்டார், இறைச்சி எவ்வளவு இருந்தாலும் சோற்றின் அளவைத் தாண்ட விட மாட்டார், மதுவுக்கு அளவு வைக்கவில்லை ஆனால் புத்தி தடுமாறும்வரை போக மாட்டார். அந்தக் கடைசித் துண்டை மேசையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எந்தச் சம்பிரதாயத்தை விடலாம், எதை விடக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். 9ஆம் பகுதி, 3ஆம் வாசகம் பாருங்கள். சடங்குக்குச் சணல் தொப்பி என்பது பழைய முறை. இப்போது பட்டு அணிகிறார்கள், செலவு குறைவு, நானும் ஊரோடு போகிறேன் என்கிறார் கன்பூசியஸ். (அந்த மெல்லிய சணலை நெய்ய அவ்வளவு உழைப்பு.) அரசனைப் படிக்குக் கீழே நின்று வணங்குவது முறை, இப்போது மேலே ஏறிப்போய் வணங்குகிறார்கள், அது திமிர், ஊர் என்ன செய்தாலும் நான் கீழேதான் வணங்குவேன் என்கிறார். நம் வீட்டுக் கல்யாணச் செலவுக் கணக்கை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கினால் விபரீதமும் உண்டு. யுவான் வம்சக் காலத்தில் தொகுத்த, பெற்றோரைப் பேணிய 24 பேர் கதைகளில், கொசு பெற்றோரைக் கடிக்காமல் இருக்கச் சட்டையில்லாமல் படுத்துத் தன் ரத்தத்தைக் கொடுக்கிற எட்டு வயதுப் பையன் வருகிறான். அம்மாவுக்குச் சோறு குறையுமே என்று தன் குழந்தையைப் புதைக்கக் குழி தோண்டுகிறவனும் வருகிறான். இந்தக் கதைகளை எழுத்தாளர் லூ சுன் 1926இல் வெளுத்து வாங்கினார். கன்பூசியஸ் பெற்றோரிடம் மறுத்துப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. 4ஆம் பகுதி, 18: தவறென்றால் மெதுவாக எடுத்துச் சொல், கேட்காவிட்டால் மரியாதை குறையாமல் இரு. டீ ட்சு குய் அதையே செய்முறையாகத் தருகிறது: முகம் மலர, குரல் தணிந்து சொல், ஏற்காவிட்டால் அவர்கள் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்து மறுபடி சொல்.

ஆகவே, சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறப்பதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, கிரிக்கெட் முடிந்த பிறகு, மறுபடி சொல்வேன். நம்மூர் அணி ஜெயித்த நாளாகப் பார்த்து.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
வாணி