படம் எடுப்பது சரி, எடுத்த படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைனில் பொருள் விற்பவர்களுக்கு உதவும் ஆப்கள் என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ஆப்பில் எத்தனை ஃபில்டர், எதில் பின்னணியை ஒரே தட்டில் மாற்றலாம், எது இலவசம் என்று விவரமாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஒரு கேள்வி மட்டும் அதில் எங்குமே இல்லை. நாளைக்கே அந்த ஆப் வேண்டாம் என்று தோன்றினால், உள்ளே போட்ட படங்களை முழு அளவில், நாம் வைத்த பெயரோடு வெளியே எடுத்து வர முடியுமா? இதைக் கேட்காமல் ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டு அப்புறம் விழித்துக்கொண்டவள் நான். கடிதம் கொஞ்சம் நீளும், வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இளம்பிள்ளையில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். தறிக்காரர்களிடம் லாட்டாக எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் இரண்டு பெரிய விற்பனைத் தளங்களிலும் போடுகிறோம். படம் எடுப்பது நான், மடிப்பதும் பார்சல் கட்டுவதும் என் நாத்தனார். ஒரு நாளைக்கு 40 சேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சேலைக்கு உடல், முந்தி, பார்டர், பிளவுஸ், மடிப்பு என்று 5 படம், ஆக 200 படம். ஒன்று 4 எம்பி என்றால் ஒரு நாளைக்கே 800 எம்பி ஆகிவிடுகிறது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அது எங்களுக்கு 19 நாள் வராது. அந்த 15 ஜிபியும் படத்துக்கு மட்டும் கிடையாது, ஜிமெயில், டிரைவ் எல்லாம் அதற்குள்தான், 2024லிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் போய் உட்காருகிறது. நிரம்பிவிட்டால் மெயிலே உள்ளே வராது, ஆர்டர் மெயில் உட்பட. 2021 ஜூன் 1க்கு முன்னால், படத்தைக் கொஞ்சம் சுருக்கி வைக்க ஒத்துக்கொண்டால் கணக்கே இல்லாமல் ஏற்றலாம் என்றிருந்தது. அந்தக் காலத்தில் பழகியவர்கள் பலர் இன்னும் அதே நினைப்பிலேயே இருக்கிறார்கள்.

நான் மாட்டியது வேறு இடத்தில். பெயர் வேண்டாம். கேட்லாக் போடுகிற ஆப், எடிட்டும் அதிலேயே, சேமிப்பும் அதிலேயே, முதல் 3 மாதம் காசில்லை. "ஃபோனில் இடம் குறைவாக உள்ளது, காலி செய்யவா" என்று அது கேட்கும்போதெல்லாம் பார்சல் அவசரத்தில் சரி சரி என்று தட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். சந்தாவை ஏற்றியபோது வெளியேறலாம் என்று பார்த்தால், மொத்தமாக இறக்க வழியில்லை. ஒவ்வொரு படமாகத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, டவுன்லோட். மூவாயிரத்துக்கு மேல் படம். இறங்கியது சுருங்கிய படம், அதன் பெயரும் எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒரு குப்பை. நானும் நாத்தனாரும் ராத்திரி சோறு ஆனதும் உட்கார்ந்து பதினோரு நாள் இறக்கினோம். அப்படியும் பாதிதான் தேறியது.

படம்தானே, சேலை விற்றுப் போச்சே, பழைய படம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் பழைய படம்தான் அடுத்த ஆர்டர். "அக்கா, போன தீபாவளிக்கு வெங்காயத் தோல் கலர்ல வெள்ளி ஜரிகை போட்டீங்களே, அதே மாதிரி 12 பீஸ் வேணும்" என்று ஒரு ரீசெல்லர் வாய்ஸ் மெசேஜ் போடுவார். அந்தப் படத்தைக் காட்டினால்தான் தறிக்காரர் நூல் கலரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். படம் இல்லை என்றால் அந்த 12 பீஸும் வேறு வீட்டுக்குப் போகும், போனது.

ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும், முதல் நாளே பத்துப் படத்தை உள்ளே போட்டு, அதே பத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். பெயர் மாறாமல், எம்பி குறையாமல் வந்தால் அப்புறம் மற்றதைப் பேசலாம். கூகுள் போட்டோஸை எடுத்துக்கொண்டால், டேக்அவுட் என்கிற வழியில் எல்லாவற்றையும் ஜிப்பாக இறக்கலாம், அந்த மட்டில் நல்லது. ஆனால் 'ஸ்டோரேஜ் சேவர்' அமைப்பில் ஏற்றியிருந்தால் திரும்பி வருவதும் சுருக்கிய படம்தான். இன்னொரு குழியும் உண்டு. ஃபோனில் இடம் வேண்டும் என்று அந்த ஆப்பிலேயே படத்தை அழித்தால் மேலே ஏற்றி வைத்ததும் சேர்ந்து அழியும். 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தோம். பெரிய கம்பெனி, எங்கே போகப்போகிறது என்று இருப்பதும் சரியில்லை. படங்களை ஆல்பமாக அடுக்கி வைக்க கூகுள் தந்த பிகாசாவை மறந்திருக்க மாட்டீர்கள், எத்தனை கல்யாண ஆல்பம் அதில் அடுக்கியிருந்தோம், 2016ல் கூகுள் நிறுத்திவிட்டது.

இனி கலர். எடிட் என்றாலே அழகாக்குவது என்று உங்கள் கட்டுரையும் நினைக்கிறது, என் ரிட்டர்னில் பெரும்பாலும் அழகாக்கியதால் வந்தவை. அரக்குச் சேலை ஒன்றை ஹால் டியூப்லைட்டில் எடுத்து, ஃபில்டர் ஒன்றைத் தட்டி, பளிச்சென்று இருக்கிறதே என்று போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா சிவப்பு என்று நினைத்து வாங்கி, பிரித்துப் பார்த்து அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். போக வர கூரியர் என் தலையில். அவர் மேல் தப்பே இல்லை. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே, தளத்தில் போடும் படமும் விவரமும் பொருளோடு ஒத்துப்போக வேண்டும், விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று சொல்கின்றன.

ஃபோன் கேமராவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஃபிரேம் முழுக்க ஒரே கலராக இருந்தால், வெளிச்சத்தில்தான் அந்தக் கலர் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த மாம்பழ மஞ்சளும் ராமர் பச்சையும் வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்த மாதிரி வருவது அதனால்தான். மயில் கழுத்து மாதிரி இரண்டு கலர் மாறி மாறித் தெரிகிற டபுள் ஷேட் என்றால் கேட்கவே வேண்டாம். நான் இப்போது காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஸ்னாப்சீட் என்கிற எடிட் ஆப்பில் ஒயிட் பேலன்ஸ் என்ற இடத்தில் சொட்டுக்குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அந்த வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் கலர் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் சேலையைக் கையில் பிடித்து, ஃபோனைப் பக்கத்தில் வைத்து நாத்தனாரிடம் காட்டுவேன், அவள் சரி என்றால்தான் குரூப்பில் போடுவது. எந்தச் சாஃப்ட்வேரும் அவள் கண்ணுக்கு ஈடில்லை.

பின்னணி நீக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. அமேசானில் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி கேட்கிறார்கள், பொருள் ஃபிரேமில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், எழுத்தோ வாட்டர்மார்க்கோ கூடாது, 1,000 பிக்ஸலாவது இருந்தால்தான் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்யும். அதனால் நீக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் தானாக நீக்கும் ஆப்களுக்கு முந்திக் குஞ்சம் என்றால் என்னவென்றே தெரியாது, நறுக்கென்று வெட்டிவிடும். வெள்ளை பார்டரைப் பின்னணி என்று நினைத்துத் தின்றுவிடும். ஆர்கன்சா மாதிரி ஊடுருவித் தெரிகிற துணியில் ஓட்டை ஓட்டையாக வரும். பல ஆப்களில் இலவசமாக இறங்குவது சின்னப் படம், முழு அளவுக்குக் காசு. வாங்குவதற்கு முன் உங்கள் சரக்கில் இருப்பதிலேயே கஷ்டமான ஒன்றை, குஞ்சம் வைத்த ஒரு வெள்ளைச் சேலையை, கொடுத்துப் பாருங்கள். அவர்கள் விளம்பரத்தில் காட்டும் பிளாஸ்டிக் பாட்டிலை எந்த ஆப்பும் அழகாக வெட்டும்.

ஏஐ மாடலுக்குச் சேலை கட்டிவிடும் ஆப்களும் வந்துவிட்டன. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நாலு விரல் பார்டர் ஆறு விரலானது, மாங்காய் புட்டா ஏதோ பறவை மாதிரி மாறியது. அந்தப் பெண் அழகாகத்தான் இருந்தாள், அவள் கட்டியிருந்த சேலைதான் என் வீட்டில் இல்லை.

சாஃப்ட்வேர் என்று பார்த்தால், எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் இன்னும் போட்டோஷாப் 7.0 ஓடிக்கொண்டிருக்கிறது, 2002ல் வந்தது. "அதையே காப்பி போட்டுத் தரேன்க்கா" என்பார்கள். வேண்டாம். கிராக் போட்ட சாஃப்ட்வேரோடு என்னென்ன உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது, தொழிலே அந்த லேப்டாப்பில் இருக்கிறது. புது போட்டோஷாப் 2013லிருந்து சந்தாதான், படம் எடிட் செய்வதே வேலையாக இருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம், எனக்கு ஆகாது. கிம்ப் என்கிற எடிட் சாஃப்ட்வேர் இலவசம், பழக ஒரு மாதம் முனகினேன். அவசரத்துக்கு ஃபோட்டோபீ, பிரவுசரிலேயே திறக்கும், டிசைனர் அனுப்பும் பிஎஸ்டி என்கிற போட்டோஷாப் ஃபைலையும் திறக்கும். பெயர் மாற்ற, மொத்தமாக அளவு குறைக்க இர்ஃபான்வியூ அருமையானது, ஆனால் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம், தொழிலுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். இலவசம் என்று போட்டிருப்பது யாருக்கு இலவசம் என்பதை நாம் யாரும் படிப்பதில்லை, நானும் படிக்காமல்தான் இரண்டு வருடம் வைத்திருந்தேன். கிம்ப்புக்கும், படங்களை அடுக்கித் தேட உதவும் டிஜிகேமுக்கும் அந்தத் தொல்லை இல்லை, வியாபாரத்துக்கும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். டிஜிகேமில் படத்துக்கு 'அரக்கு', 'வெள்ளி ஜரிகை' என்று தமிழிலேயே குறிச்சொல் போட்டுத் தேடுகிறேன். குறிச்சொல்லைப் படத்துக்குள்ளேயே எழுதும்படி அமைப்பில் ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் நாளைக்கு டிஜிகேமை விட்டுப் போனாலும் குறிச்சொல் படத்தோடேயே வரும்.

வாட்ஸ்அப்பையே பீரோவாக வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், 2023லிருந்து ஹெச்டி என்று ஒரு வழி இருக்கிறது, அதுவும் மூலப் படம் கிடையாது. டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் அப்படியே போகும். அப்படிப் போகும்போது கேமரா பதிந்த இடக் குறிப்பும் சேர்ந்து போகும், அதாவது நம் வீட்டு மொட்டை மாடி எங்கே இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஆளுக்கும் தெரியும். வீட்டிலிருந்து விற்கிற பெண்கள் கேமரா அமைப்பில் லொகேஷனை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

இப்போது என் ஏற்பாடு சாதாரணமானது. சாயங்காலம் ஃபோனிலிருந்து கேபிள் போட்டு லேப்டாப்புக்கு. ஐந்தில் நல்லது இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது (ரிட்டர்ன் தேதி முடியும்வரை எதையும் தொடுவதில்லை). பெயர் '2025-09-12 லாட் 14 அரக்கு 03' என்கிற மாதிரி, வருடம் முதலில் வந்தால் தானாக வரிசையில் நிற்கும். எடிட் செய்தது வேறு ஃபோல்டர், மூலப் படத்தின் மேல் கை வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்று பீரோவில், இன்னொன்று அம்மா வீட்டில். கிளவுடில் நடப்பு லாட் மட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஆப்களைப் பற்றி எழுதும்போது ஒவ்வொன்றிலும் 100 படத்தை ஏற்றி, அதே 100ஐ வெளியே எடுத்துப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது, என்ன அளவில், என்ன பெயரில் வந்தது என்று ஒரு கட்டம் போட்டு அச்சிடுங்கள். ஆடி முடிவதற்குள் வந்தால் நல்லது. ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த ஆர்டர், அப்புறம் தீபாவளி, எங்களுக்குப் பேப்பரைப் பிரிக்கவே நேரம் இருக்காது.

இப்படிக்கு,
சேலை விற்பவள்,
இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்.