புகாவில் வண்டியை நிறுத்தப்போகும் பைக் நண்பர்களுக்கு

லடாக் கிளம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் நானும் முட்டை அவித்தவன்தான். லே நகரில் வாங்கிய ஆறு முட்டையைத் துணிப்பையில் கட்டி ஊற்றுக்குள் இறக்கிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழுவில் ஒருவர் தலைக்கு ஷாம்பு போட்டார். நுரை அப்படியே ஓடையில் இறங்கியது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு வயதான அம்மா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களை ஒரு முறை பார்த்தார், ஆடுகளை மேலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த ஆடுகள்தான் பஷ்மினா கம்பளி தருபவை. மேய்ப்பவர்கள் சாங்பா என்னும் நாடோடி மக்கள். மழை பேருக்குத்தான் பெய்யும் குளிர்ப் பாலைவனம் அது. அந்த ஓடைதான் பள்ளத்தாக்கில் பச்சையை வைத்திருக்கிறது. நாடோடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடமும் அங்கே இருக்கிறது. ஓடை கடைசியில் சிந்து நதியில் போய்ச் சேர்கிறது.

இன்னொரு விஷயம், உங்கள் கால் சம்பந்தப்பட்டது. புகா சுமார் 4,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் கொதிப்பதே 85 டிகிரி வாக்கில்தான். சில ஊற்றுகளில் நீர் 84 டிகிரி வரை இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட கொதிக்கிற உலை. சுற்றிலும் வெள்ளையாகப் படிந்திருப்பது பனி இல்லை, வெங்காரமும் உப்பும். நகை பற்றவைக்கப் பத்தர் வைத்திருப்பாரே, அதே வெங்காரம்தான். நடுநடுவே மஞ்சளாகத் தெரிவது கந்தகம். அந்தப் படிவு கெட்டித் தரைபோலத் தெரியும், அடியில் சுடுசேறு இருக்கலாம். ஷூ போட்டிருக்கிறோம் என்று ஏறி நிற்காதீர்கள்.

ஓடையில் ஷாம்பு போடாதீர்கள் என்று சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்: "அங்கே ஓ.என்.ஜி.சி.யே துளை போடுது, என் ஷாம்பு பாக்கெட்டா கெடுக்கப்போகுது?" உண்மைதான். பூமிச் சூட்டிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் எடுத்துப் பார்க்க 2021 பிப்ரவரியில் லடாக் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அது சரியா தப்பா என்று தனியாகச் சண்டை போடலாம், நானும் வருகிறேன். ஆனால் அவர்களிடம் கேள்வி கேட்கப் போகும்போது நம் கையில் சோப்பு நுரை இருக்கக் கூடாது இல்லையா?

குளிக்க ஆசையாக இருந்தால் வழியில் சுமத்தாங் என்ற ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்; அங்கே ஊற்று நீரில் குளிக்கத் தங்குமிடங்களில் வசதி உண்டு. நூப்ரா பக்கம் போகிறவர்களுக்குப் பனாமிக்கில் குளியலறைகளே கட்டி வைத்திருக்கிறார்கள். புகாவில் பாருங்கள், படம் எடுங்கள், கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

முட்டையை லேயிலேயே அவித்து எடுத்துப் போங்கள். அப்புறம், மிளகுத்தூளை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

அன்புடன்,
ஆறு முட்டை அவித்த அண்ணன்