அயர்லாந்தின் பர் ஊரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் சுகம்தானே? முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. இருப்பவர்களில் பாதிப்பேர் விவசாயம் பார்த்தவர்கள். முதலில் மழையைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டும், அப்புறம்தான் மாத்திரை. கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

இந்த ஊர்க் கோட்டையைப் பற்றி உங்களுக்குத்தான் எழுத வேண்டும், அம்மாவுக்கு அலுப்பாக இருக்கும். 1620 முதல் பார்சன்ஸ் குடும்பம்தான் அங்கே இருக்கிறது. பட்டம் ராஸ் பிரபு. மூன்றாவது பிரபு வில்லியம் (1800–1867) நம் பட்டறைக்கு வந்திருந்தால் நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டையே மறந்திருப்பீர்கள். தொலைநோக்கிக்காக ஆறடி அகலக் கண்ணாடியைத் தன் வளாகத்திலேயே வார்த்தவர் அவர். கண்ணாடி என்றால் உலோகம், சுமார் மூன்று டன். மூன்றில் இரண்டு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் எப்படி விரிசல் விடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலைக்கு எரிபொருள், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் என்ற மக்கு மண் கட்டிகள். மோல்டின் அடியில் இரும்புப் பட்டைகளைக் குத்தாக நிறுத்தி நெருக்கி அடுக்கியிருக்கிறார்: இடுக்கு வழியே வாயு போய்விடும், உலோகம் ஒழுகாது, அடிப்பக்கம் முதலில் ஆறும். வார்த்ததைச் சூளையில் பதினாறு வாரம் ஆறவிட்டார்களாம். அப்படியும் உடைந்தது உண்டு. 1845-இல் அதன் வழியாகப் பார்த்துத்தான் ஒரு விண்மீன் மண்டலம் சுருள் வடிவில் இருப்பதை முதன்முதலில் வரைந்தார். 1917 வரை அதைவிடப் பெரிய தொலைநோக்கி உலகில் இல்லை.

பணத்தில் பெரும்பகுதி மனைவி மேரி கொண்டுவந்தது. அவரும் சும்மா இருந்தவர் இல்லை. புகைப்படக் கலையில் பதக்கம் வாங்கியவர். பிள்ளைகளில் நான்கு ஆண்கள்தான் வளர்ந்து ஆளானார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டுக்கே ஆசிரியர்கள், மீதி நேரம் பட்டறை. கடைக்குட்டி சார்லஸ் 1884-இல் நீராவி டர்பைனை உருவாக்கினார். நெய்வேலியில் சுற்றுகிறதே, அதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்தக் குடும்பம் செய்த நீராவி வண்டியிலிருந்து விழுந்துதான் 1869-இல் உறவுக்காரப் பெண் மேரி வார்ட் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அவரும் நுண்ணோக்கியில் பெரிய கெட்டிக்காரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1845-இல்தான் உருளைக்கிழங்கு நோய் வந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. பிரபு வானத்தை விட்டுவிட்டு நிவாரண வேலையில் இறங்கினார், குத்தகை வருமானத்தில் நிறையச் செலவழித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தக் குத்தகையே யார் உழைப்பு? இல்லத்தில் ஒரு தாத்தாவிடம் கோட்டையைப் புகழ்ந்தேன். “டர்ஃப் வெட்டியது யார் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

விசா வந்ததும் ஜூனில் கிளம்புங்கள். பட்டறையைத் தம்பி பார்த்துக்கொள்வான். ஸ்வெட்டர் இங்கே வாங்கிக்கொள்ளலாம். பருப்புப் பொடி மட்டும் நிறையக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்